பெட்டிக்குள் என்ன வைப்பது

அட்டைப்பெட்டி கைக்கு வந்ததும் ரோஹே ஜோப் முதலில் மூக்கை அதற்குள் விடுவாள். சோப்பு வந்த பெட்டி என்றால் முகம் மலரும். பிஸ்கட் பெட்டி பரவாயில்லை. வெங்காயமோ கருவாடோ வந்திறங்கிய பெட்டியைப் படிக்கு வெளியே தள்ளிவிட்டு, கொண்டுவந்தவரை மேலும் கீழும் பார்ப்பாள். "நாளைக்கு ஒருத்தி இதுல செண்ட் பாட்டில் வச்சு மருமகளுக்குக் குடுப்பா. அவ தொறந்ததும் கருவாடு மணக்கணுமா?" என்பாள்.

முகர்ந்த பிறகு தட்டிப் பார்ப்பாள். சத்தம் வராத அட்டை தண்ணீர் குடித்த அட்டை என்பது அவள் கணக்கு. பிறகு தேக்கரண்டியின் முதுகால் மடிப்புக் கோடு இழுப்பாள். அளவுகோல் கிடையாது, சாண், விரற்கடை, அவசரத்துக்கு முன்கை. எல்லாரும் பெட்டியைச் செய்துவிட்டு மூடி செய்வார்கள் என்றால் இவள் மூடியை முதலில் செய்வாள். கேட்டால், தலையைப் பார்த்துத்தானே ஆளைத் தெரிந்துகொள்கிறோம் என்பாள். மைதாவைக் காய்ச்சிய பசையில் கரப்பான்பூச்சிக்காக மிளகாய்த் தண்ணீர் கலந்திருக்கும். பசை காயும்வரை விளிம்புகளைப் பிடித்திருக்கத் துணிக் கிளிப்புகள் வேண்டும். அவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று தன் தலைத்துணியின் ஓரமெங்கும் மாட்டிக்கொண்டிருப்பாள். சந்தைக்கும் அப்படியே போவாள். ஒருமுறை துக்கவீட்டுக்கும் அப்படியே போய் அழுதுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த பிறகுதான் தெரிந்தது. 'ஏன் ஒருத்தியும் சொல்லல?' என்று தெருவையே ஒரு வாரம் கோபித்துக்கொண்டாள்.

பட்டறை என்பது அவள் வீட்டு முன்வராந்தா. ஆற்றுமுகத்தில் இருக்கும் பாஞ்சுல் நகரத்தில் பண்டிகை யாருடையது என்று பார்த்து யாரும் கொண்டாடுவதில்லை. ரோஹே ஐந்து வேளை தொழுகிறவள். ஆனாலும் வருஷத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் டிசம்பர். நோன்புப் பெருநாளுக்குப் பச்சைத் தாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வெள்ளையும் பொன்னும், கிறிஸ்துமஸுக்குச் சிவப்பும் வெள்ளியும். வெள்ளித் தாளைக் காசு கொடுத்து வாங்குவதை அவள் அவமானமாக நினைப்பாள். தெருமுனையில் நாள் முழுக்கப் பச்சைத் தேநீர் காய்ச்சிக்கொண்டு உலகத்தைச் சீர்திருத்தும் இளைஞர்கள், தேயிலைப் பொட்டலத்தின் உள்தாளை அவளுக்காகச் சேர்த்துவைப்பார்கள்.

பதிலுக்கு அவர்களுடைய ஃபனாலுக்கு அவள் தாள் வெட்டித் தர வேண்டும். ஃபனால் என்பது மூங்கில் எலும்பின்மேல் காகிதம் போர்த்திய கப்பல் விளக்கு. கிறிஸ்துமஸ் நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு முரசு அடித்தபடி வீடு வீடாகப் போவார்கள். அதன் பக்கச் சுவர்களுக்காக வெள்ளைத் தாளைக் கற்றையாக அடுக்கிப் பலகையில் வைத்து, சின்ன உளியால் பூவும் பிறையும் நட்சத்திரமுமாகத் துளையிடுவாள். உள்ளே விளக்கேற்றினால் கப்பல் முழுக்க வெளிச்சம் கசியும். இதெல்லாம் ஆண்கள் வேலை என்று ஆரம்பத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர்கள் துளையிட்ட தாள் எலி கடித்ததுபோல் வந்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

வாடிக்கைக்காரர் வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ள என்ன வைக்கப் போறீங்க?" என்பதுதான். பதில் வராமல் கத்தி அட்டையைத் தொடாது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று சொல்லி மழுப்புகிறவர்களை அவள் விடுவதில்லை. "அளவு எனக்கெதுக்கு? பொருளச் சொல்லுங்க. செருப்பு படுத்திருக்கும், செண்ட் நின்னுட்டிருக்கும், துணி மூச்சு விடும். எதுன்னு தெரியாம நான் எப்பிடி வீடு கட்டறது?" வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், மாமியாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் நெளிந்தார். கடைசியில் அது பல்செட்டு என்று தெரியவந்தது. அதற்கு உள்ளே சிவப்புப் பட்டு மெத்தை போட்டு அவள் செய்த பெட்டியைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ரகசியம் காப்பது அவளுக்கு வராத கலை.

அந்தச் சிவப்புப் பட்டு, எதிர்வரிசைத் தையற்கடையிலிருந்து வந்த துண்டு. கடைக்காரர் மசாம்பா நிஜாய். ரோஹேயைப் பற்றிச் சொல்கிறவர்கள் மசாம்பாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காரணம் அவர்களுடைய குடும்பப் பெயர்கள். அண்ணன் தங்கை முறை, மாமன் மச்சான் முறை என்பதுபோல ஜோப்களுக்கும் நிஜாய்களுக்கும் இடையே ஒரு கேலி முறை உண்டு. இருவரும் சந்தித்தால் ஒருவரை ஒருவர் அடிமை என்றும் சோற்றுப்பானை என்றும் ஏசிக்கொள்ள வேண்டும். ஏசினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்பின் தெரியாத நிஜாய் ஒருவர் காவல் நிலையத்தில் அதிகாரியாக உட்கார்ந்திருந்தாலும், ஜோப் ஒருவர் உள்ளே போய், என் அடிமைக்கு நாற்காலி யார் கொடுத்தது என்று கேட்கலாம். கேட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

மசாம்பா காலையில் கடை திறக்கும் முன் வராந்தா எதிரில் வந்து நிற்பார். "ஏ ஜோப், எஜமான் வந்திருக்கேன், எந்திரிச்சு நில்லு" என்பார். ரோஹே தலையைத் தூக்காமல், "ஒங்கப்பன எங்க தாத்தா ரெண்டு கோழி குடுத்து வாங்கினாரு. ஒரு கோழி அதிகம்னு இன்னும் எங்க வீட்ல பேச்சு" என்பாள். பிறகு ராத்திரி யார் எவ்வளவு சோறு தின்றார்கள் என்ற விசாரணை நடக்கும். மசாம்பா துணித் துண்டுகளை மூட்டையாகச் சுருட்டித் தெருவுக்குக் குறுக்கே அவள் மேல் எறிவார். இந்தா பிச்சை என்பார். அவளும் எடுத்துக்கொண்டு, எஜமானிக்குக் கப்பம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பாள். இது நடந்த பிறகுதான் அந்தத் தெருவில் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

கிறிஸ்துமஸ் அன்று அவருக்கு ஒரு பெட்டி போகும். வருஷத்திலேயே அழகான பெட்டி அதுதான். மூடிமேல் வெள்ளித்தாள் நட்சத்திரம், ஓரத்தில் உளியால் குடைந்த பின்னல், உள்ளே பட்டு மெத்தை. மெத்தையில் ஒரு வருஷம் மரக்கரண்டி இருந்தது. ஒரு வருஷம் உறிஞ்சிச் சுத்தமாக்கிய ஆட்டெலும்பு. இன்னொரு வருஷம் பானையடியில் பிடித்த தீய்ந்த சோறு. போன வருஷம், குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டுவார்களே எச்சில் துணி, அது பெரிய ஆள் அளவில். மசாம்பா அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தைத்தார். பிறகு கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், ஜோப் ஒருத்தி தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது என்று காட்டுவார்.

இந்த டிசம்பர் ஆரம்பத்தில் மசாம்பாவின் பெரியப்பா இறந்துபோனார். காரியத்துக்காக அவர் ஆற்றின் மேல்பக்கம், காவூருக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாள் காலை, ரோஹே பல்செட்டுக்காரரின் மாமியாருக்காகவே இன்னொரு பெட்டிக்கு மூடி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கைக்கடிகாரம். எதிரே நிழல் விழுந்ததும் இரண்டு கோழிக் கதையை வாயில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார் மசாம்பா. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

ரோஹேக்குக் கை நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. துக்கம் கேட்டுவிட்டு வந்திருக்கிறான், மனசு சரியில்லை என்று நினைத்து, காவூரில் மூன்று நாளும் சோறு போட்டார்களா, இல்லை பானையையும் தின்றுவிட்டாயா என்று இதமாக விசாரித்தாள். இதைவிட இதமாக அவளுக்குத் தெரியாது. மசாம்பா தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் நல்லபடியாக நடந்தது, விசாரித்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

நன்றி. ஒரு நிஜாய் ஒரு ஜோப்புக்கு.

அன்று மத்தியானம் துணித் துண்டுகள் பறந்து வரவில்லை. மசாம்பா நடந்து வந்தார். துண்டுகளை இஸ்திரி போட்டு, நிறம் பிரித்து, சதுரமாக மடித்து இரண்டு கையாலும் நீட்டினார். ரோஹே அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை இதுவரை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை. என்ன செய்தேன் என்று யோசித்தாள். போன வருஷத்து எச்சில் துணியா? அது அவனுக்குப் பிடித்திருந்ததே. இரண்டு கோழியா? அவனுடைய தாத்தா ஒரு வெங்காயத்துக்கு எங்கள் வம்சத்தையே வாங்கியதாக அவனும்தானே சொல்கிறான்.

அவள் புருஷன் சூலே படகுத்துறையில் வேலை பார்க்கிறவன். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான். மனிதன் திடீரென்று மரியாதையாகப் பேசினால் தேர்தலில் நிற்கப் போகிறான் என்று அர்த்தம் என்றான். கிறிஸ்துமஸ் பெட்டி சொல்ல வந்த ஆன்ட்டி ஃப்ளோரன்ஸ், தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர், பெரிய வியாதியின் முதல் அறிகுறி இப்படித்தான் இருக்கும், தன் மாமனார் சாகிறதுக்கு முன்னால் எல்லாரிடமும் பணிவாக நடந்துகொண்டார் என்றார். அதைக் கேட்ட ரோஹே அவருடைய பெட்டிக்குள் என்ன வைக்கப் போகிறார் என்று கேட்கக்கூட மறந்துபோனாள். ஆன்ட்டி ஃப்ளோரன்ஸே திரும்பி வந்து, பழக் கேக் என்று தானாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் ரோஹே விதவிதமாக ஏசிப் பார்த்தாள். அவர் தைக்கும் சட்டையில் கைக்குப் பதில் கால் வைத்திருப்பதாகச் சொன்னாள். நிஜாய்களின் ஊரில் ஆடுகள்தான் மனிதர்களை மேய்க்கும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் மசாம்பா கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் குனிந்து, நகர்ந்துபோனார். ஒருநாள் கடைக்குள் பார்வை போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. எச்சில் துணியைக் காணவில்லை. அன்று மாலை அவள் மடித்த மூடி பெட்டிக்குள் போய் விழுந்தது. மூடியைப் பெட்டியைவிடச் சின்னதாகச் செய்திருந்தாள். இந்தத் தொழிலில் அவளுக்கு இப்படி நடந்ததே கிடையாது. அதை எடுக்கக் கவிழ்த்துத் தட்டினாள்; வரவில்லை.

ஃபனால் வேலையும் கெட்டது. அந்த இளைஞர்களின் தலைவன் கிப்பா வந்து, அவள் துளையிட்டுக் கொடுத்த தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பூ இருந்தது, பிறை இருந்தது, மீன் இருந்தது. "அக்கா, கப்பலுக்கு ஜன்னலே வைக்கலயே. உள்ள இருக்கறவன் எப்பிடிப் பாப்பான்?" என்றான்.

"பாத்து மட்டும் என்ன புரியப் போவுது அவனுக்கு" என்றாள் ரோஹே.

விஷயத்தை உடைத்தவள் மசாம்பாவின் மனைவி ஓலி. தங்கைக்கு வளையல் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும் என்று வந்தாள். வளையல் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னதும், கூடவே சுற்றுமுற்றும் பார்த்ததும், பெட்டிக்காக வரவில்லை என்று காட்டிக்கொடுத்தன.

காவூர்த் துக்கவீட்டுக்கு யாரும் அழைக்காத ஒரு கிழவி வந்தாளாம். பந்தலுக்குள் நுழைந்தவள் மசாம்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டாளாம். என் அண்ணன் அப்படியே நடந்து வருகிறானே என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். பெரியவர்கள் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மசாம்பா பிறந்த சில மாதங்களில் அவரைப் பெற்றவர் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற தாயை மணந்துகொண்டவர்தான் நிஜாய். அவர் தன் பெயரையே பிள்ளைக்கும் கொடுத்து வளர்த்தார். பிரித்துப் பார்க்கக் கூடாது என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கிழவி மசாம்பாவுக்குச் சொந்த அத்தை.

"அந்தம்மா என்ன வம்சம்?" என்று கேட்டாள் ரோஹே. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜோப்" என்றாள் ஓலி. "முறையே மாறிப்போச்சுக்கா. ஒரே பேருக்காரங்கன்னா கூடப்பொறந்தவங்கதானே. இத்தன வருஷமா சொந்தக் கூடப்பொறந்தவளையா அடிமைன்னு ஏசிட்டிருந்தேன்னு சுவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. அங்க இவரோட தம்பிங்க இருக்கானுங்களே, இவரு ஜோப்புன்னு தெரிஞ்ச மறுநிமிஷம், 'ஏ சோத்துப்பான, வா சாப்பிட'ன்னு கூப்பிட்டிருக்கானுங்க. ஆசையாத்தான் கூப்பிட்டானுங்க. எதுவும் மாறலேன்னு காட்டத்தான். இவரு செருப்ப மாட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஓலி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். ரோஹே சொல்லவில்லை. சூலேயிடம்கூடச் சொல்லவில்லை. வளையல் பெட்டியையும் ஒழுங்காகவே செய்து கொடுத்தாள்.

ஆனால் விஷயம் தெரிந்ததில் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை, கூடத்தான் செய்தது. தெரியாமல் இருந்தபோது கோபித்துக்கொள்ளவாவது முடிந்தது. இப்போது யாரைக் கோபிப்பது? மறுநாள் மசாம்பா வந்து நலம் விசாரித்தபோது அவளும் எழுந்து நின்று, "நல்லா இருக்கேன் தம்பி, நீங்க எப்பிடி இருக்கீங்க?" என்றாள். அந்தத் தம்பி என்ற சொல் யாரோ ஒருத்தியின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டதுபோல் தோளில் பிடித்தது. இருவரும் வீட்டு நலம், பிள்ளைகள் நலம், காற்றில் புழுதி அதிகம் என்பதெல்லாம் பேசி முடித்தார்கள். தெருமுனையில் தேநீர் காய்ச்சியவர்கள் கெண்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

ரோஹேக்கு உடன்பிறந்த ஆண்கள் மூவர். மூவரும் நல்லவர்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சி அனுப்புவார்கள், உடம்பு சரியில்லை என்றால் வந்து பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் அவள் குரல் உயர்ந்ததில்லை. வயிறு வலிக்கச் சிரித்ததும் இல்லை. நான்காவதாக ஒரு தம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சகோதரர்கள் அவளுக்கு வேண்டிய மட்டும் இருந்தார்கள். நிஜாய் ஒருத்தன்தான் இருந்தான். அவனும் போய்விட்டான், அவனே வந்து நலம் விசாரிக்கிறான். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அட்டை நனையாமல் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பாலைவனத்துப் புழுதிக்காற்றில் பசை சீக்கிரம் காய்ந்தது. வராந்தாவில் சிவப்பும் வெள்ளியுமாகப் பெட்டிகள் உத்தரம்வரை ஏறின. கிப்பாவின் கப்பலுக்கு ஜன்னல் குடைந்து கொடுத்தாயிற்று. ஆன்ட்டி ஃப்ளோரன்ஸின் கேக் பெட்டி போயிற்று. மசாம்பாவின் பெட்டி மட்டும் ஆரம்பிக்கப்படவில்லை. உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் மூடியை எப்படி மடிப்பாள்? தம்பிக்கு என்றால் நல்ல சட்டைத் துணி வைக்க வேண்டும், தொப்பி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அவர் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்வார். அதோடு எல்லாம் முடிந்துவிடும். பழையபடி எலும்போ கரண்டியோ வைத்தால், பெற்றவர் யாரென்று நேற்றுத் தெரிந்துகொண்டவரின் முகத்தில் அடித்ததாகிவிடும். காவூர்த் தம்பிகள் செய்ததும் அதுதானே. பெட்டி எதுவும் கொடுக்காமல் விட்டால்? அதை நினைக்கவே அவளால் முடியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் அவள் தெருவைக் கடந்து தையற்கடைக்குப் போனாள். கிறிஸ்துமஸ் உடைகள் கூரைவரை தொங்கின. மசாம்பா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஓலி சொன்னா" என்றாள். "அவளத் திட்டாதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் இப்ப ஒங்களுக்கு யாரு?"

மசாம்பா தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி துணியில்லாமல் ஏறி இறங்கியது.

"எனக்கு நானே யாருன்னு தெரியலக்கா" என்றார். "வளத்தவரு பேரச் சொன்னா பெத்தவரு கோவிச்சுக்குவாரோன்னு இருக்கு. பெத்தவரு பேரச் சொன்னா வளத்தவரு சோறு தொண்டையில நிக்குது. இதுல நீங்க யாருன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

ரோஹே தலைத்துணியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு திரும்பி வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். நல்ல சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள், முகர்ந்தாள், தட்டினாள். உள்ளே என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே, வாழ்க்கையில் முதல்தடவையாக, கத்தியை வைத்தாள். சாண் கொண்டு அளந்தபோது எதற்கு அளக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அது செருப்புக்குப் பெரிதாகவும் சட்டைக்குச் சின்னதாகவும் ஒரு பெட்டியாக வந்தது. வெள்ளித்தாள் நட்சத்திரம் ஒட்டினாள். ஓரத்தில் பின்னல் குடைந்தாள். அவர் இஸ்திரி போட்டுத் தந்த துண்டுகளிலேயே நல்லதாகப் பார்த்து மெத்தை தைத்தாள். மூடி சரியாகப் பொருந்தியது. காலையில் ஏதாவது தோன்றும், வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

காலையில் ஒன்றும் தோன்றவில்லை. தேவாலயம் விட்டு வந்தவர்கள் வீடு வீடாகத் தட்டு அனுப்பினார்கள். புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாரும் வந்து எல்லாரிடமும் கை நீட்டினார்கள். கிப்பாவின் கப்பல் ஜன்னல்களோடு தெருமுனையில் மாலைக்காகக் காத்திருந்தது. மத்தியானம்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ரோஹே அதை அப்படியே எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். உள்ளே என்ன வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்வதற்கு நீங்க நல்லதா, நீ நல்லதா என்பதுதான் கடைசிவரை முடிவாகவில்லை.

மசாம்பா கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எழுந்தார். எதற்கு அக்கா இதெல்லாம் என்று சொல்லியபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரோஹே வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மூடியை எடுத்துவிட்டார்.

உள்ளே பட்டு மெத்தை இருந்தது. மெத்தைமேல் ஒன்றுமில்லை. அவர் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சோப்பு வாசனை இருந்தது, வேறெதுவும் இல்லை. மூடியின் உட்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். தெருமுனையில் பேச்சு நின்றிருந்தது. ரோஹேக்குக் காது சுட்டது. சொல்ல வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. காலிப் பெட்டியையா ஒரு மனிதனுக்குக் கொடுத்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மசாம்பா பெட்டியைக் கவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து, அடிப்பாகத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து ரோஹேயின் முகத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே இருந்தது எங்கே போயிற்று என்று தேடுவதுபோல அவள் வாயை மட்டும் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாயோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறவர்களுக்கு ஜாடையாகக் காட்டுவோமே, அதுபோலத் தன் வாயின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுக் காட்டினார்.

ரோஹே சட்டென்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.